இடக்குழல்

மல்கம்பிட்டி வட்டையிலிருந்து வந்த துவக்கை
உரச்சாக்கில் சுற்றி
என் மேசையில் கிடத்தினார்கள்.
உதுமாலெவ்வைப் போடியார் மௌத்தாகி
நாற்பது கழிந்து ஒரு கிழமை.
மகன்மார் இரண்டு, மகள் ஒன்று.
ஐந்து பங்கு.
துவக்கைப் பிளக்க ஏலாது, விலையைப் பிளக்கலாம்
என்றார் மூத்தவர் அன்சார்.
கண்டியில் ஒருவர்
கண்ணாடி அலுமாரிக்கு வாங்கக் காத்திருக்கிறாராம்.
அனுமதிப்பத்திரம் மாற்ற அம்பாறைக் கச்சேரியில் பேசியாயிற்றாம்.

முதலில் மடித்துத் திறந்து வெறுமை பார்த்தேன்.
இது விலைக்கில்லை, உயிருக்கு.

பிறகு குழல்களைக் கழற்றி
ஒற்றை விரலில் கொழுவித் தொங்கவிட்டு
நகத்தால் சுண்டினேன்.
மணிபோல நீண்டால் ஒட்டு உறுதி,
கறகறத்தால் எங்கேயோ விட்டுப்போயிருக்கும்.
நீண்டது.
பக்கத்துச் சைக்கிள் கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.
"நல்ல சத்தம், என்ன?" என்றார் இளையவர் நிப்றாஸ்.
விலை சொல்லப்போகிறவன்
பாதி வழியில் முகத்தைக் காட்டக் கூடாது.

குழலில் ஓர் இலக்கம்
உடலில் அதே இலக்கம்
முன்கட்டையைக் கழற்றினால் அதற்குள்ளும்.
மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
பர்மிங்ஹாம் முத்திரை தேயவில்லை.
இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்த குழல்.
வெயிலில் சரித்தால்
பன்பாய் இழைபோலச் சுருள் சுருளாய் ஓடுகிறது.
கண்டிக்காரருக்கு அந்தச் சுருள்தான் வேண்டும்.
இந்தக் காலத்துத் தோட்டாவை இது தாங்காது என்று
போடியாருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
அல்லது சொல்லியிருப்பார்கள்.

கட்டையின் கழுத்தில் வெடிப்பு.
செப்புக் கம்பி சுற்றி அரக்கு உருக்கி ஊற்றியிருக்கிறது.
பதினையாயிரம் கழித்தேன்.
கட்டை முழுக்கப் புது வார்னிஷ் மினுக்கம்.
"நான்தான் சேர், காகிதம் போட்டுத் தேச்சி
ரெண்டு பூச்சு அடிச்சன், விலை கூடும் எண்டு"
என்றார் நிப்றாஸ்.
நாற்பதாயிரம் கழித்தேன்.
காரணம் கேட்டார். நூறு வருடத்துக் கைவியர்வையை
ஒரு பின்னேரத்தில் சுரண்டியிருக்கிறீர்கள் என்றேன்.
அன்சார் தம்பியைப் பார்த்த பார்வைக்கு
அனுமதிப்பத்திரம் வேண்டும்.

யன்னலுக்கு நேரே பிடித்தேன்.
வலக்குழல் முழுக்க அம்மைத் தழும்பு.
ஐம்பது வருடத்துப் பண்டிகள் அதற்குள்ளால் போயிருக்கின்றன.
இடக்குழலில் வெளிச்சம்
வளையம் வளையமாய்
ஒரு குறையுமில்லாமல் கண்ணுக்கு வந்தது.
முன்விசை வழுவழுப்பு,
பின்விசையில் அரத்தின் கோடுகூட அழியவில்லை.
சுடாத குழல்.
ஆனால் தோட்டா குந்தும் இடத்தில்
பச்சையாய் ஒரு களிம்பு வளையம்.
பித்தளை வருடக்கணக்காய்
ஒரே இடத்தில் இருந்தால்தான் இப்படிப் பிடிக்கும்.

"இதற்குள் எப்போதும் ஒரு தோட்டா கிடந்திருக்கிறது."

யானைக்காக இருக்கும் என்றார் அன்சார்.
இந்தச் சன்னம் யானைக்குச் சொறிந்துவிடும் என்றேன்.
மறதியாக இருக்கும் என்றார் நிப்றாஸ்.

வாசலோடு குடையைப் பிடித்தபடி நின்ற ஜெஸீமா
அப்போதுதான் வாய் திறந்தாள்.
"மறதியில்ல.
மாரிக்கு மாரி எடுத்துத் துடைச்சிட்டுத் திரும்பப் போடுவார்.
அந்தப் பக்கம் பண்டிக்கில்ல எண்டுவார்.
அப்ப ஆருக்கு வாப்பா எண்டா
சோத்தைப் போடு எண்டுவார்."

வெளியே உழவு இயந்திரம் ஒன்று
பெட்டி குலுங்கக் குலுங்கப் போய் முடியும்வரை
ஒருவரும் பேசவில்லை.

"அந்தத் தோட்டா இப்ப எங்கே?"

"ஜனாஸா எடுக்க முந்தி நான் கழட்டினன்.
அது பங்குக்கில்ல."

இடக்குழல்: பாவனையின்மை, மிக நன்று
என்று எழுதினேன்.
களிம்புக்கு எவ்வளவு கழிப்பதென்று
கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.
கழிக்கவில்லை.
தொழிலுக்கு அது பிழை.

தொகையை எழுதி, ஐந்தால் பிரித்துக் காட்டினேன்.
அன்சார் கைபேசியில் இன்னொருமுறை பிரித்துப் பார்த்தார்.
என் கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு.
ஜெஸீமா தன் பங்கு ஐந்நூறை
நூறு நூறாய்த் தனியாக எண்ணி
சாக்குத் துண்டின் ஓரத்தில் வைத்தாள்.